மருமகனா, மகனா?

அப்பா மருத்துவமனையில் இருந்த மூன்று இரவும் அவருக்குத் துணையாகப் படுத்திருந்தவன் என் நண்பன். முதல் வேலையில் பக்கத்து மேஜைக்காரன், பதினாறு வருடப் பழக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை, இரவு விழிக்க முடியாது. தம்பி வெளியூரில் இருந்தான். அதனால் பகலில் நான், இரவில் அவன் என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் சாயங்காலம் அவனுக்கு அட்டெண்டர் பாஸ் வாங்கப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா, "பேஷண்டுக்கு இவர் என்ன உறவு?" என்று கேட்டார். "என்னோட ஃப்ரெண்டுங்க" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மருமகனா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப மகன்னு போட்டுக்கிறேன்மா, ஃப்ரெண்டுன்னெல்லாம் எழுத முடியாது" என்று சொல்லி அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவசரத்துக்கு உதவினார். ஆனால் அவர் கையில் இருந்தவை இரண்டே வார்த்தைகள்: மருமகன், மகன். அதாவது எனக்குக் கணவன், இல்லையென்றால் உடன்பிறப்பு. கல்லூரியில் கூடப் படித்த பையனை எல்லோர் முன்னிலையிலும் ஒருமுறை "அண்ணா" என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டால்தான் நிம்மதியாகப் பேச முடியும் என்ற ஏற்பாட்டை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே. அப்படியும் யாராவது கேட்டால், "சும்மா ஃப்ரெண்டுதான்" என்போம். அந்த "சும்மா" எனக்கு வலிக்கும். சும்மா காதலன் என்றோ, சும்மா புருஷன் என்றோ யாரும் சொல்வதில்லை.

இதை எழுதக் காரணம் தொலைக்காட்சித் தொடர்கள். குறிப்பாக நான் வருடக்கணக்காகப் பார்த்துவரும் அமெரிக்கத் தொடர்கள். நம்மைவிடத் தாராளமான ஊர், ஆணும் பெண்ணும் பழகுவதை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துத்தான் பார்க்க ஆரம்பித்தேன். அங்கேயும் அதே கவுண்டர்தான். ஒரு ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள், நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றால் உடனே பேனா நின்றுவிடுகிறது. இவர்கள் எப்போது சேரப் போகிறார்கள்?

இதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. 1985-ல் ஏபிசி சேனலில் 'மூன்லைட்டிங்' என்று ஒரு துப்பறியும் தொடர் வந்தது. சிபில் ஷெப்பர்டும், அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாத புரூஸ் வில்லிஸும் நடித்தது. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள், அமெரிக்காவே சேருவார்களா என்று காத்திருந்தது. 1987-ல் சேர்த்து வைத்தார்கள். அதன்பிறகு தொடர் சரிந்து, 1989-ல் நின்றுபோனது. சரிவுக்கு வேறு காரணங்கள் நிறைய: ஷெப்பர்டின் பிரசவம், வில்லிஸ் சினிமாவுக்குப் போனது, தொடரை உருவாக்கியவரே பாதியில் விலகியது, 1988-ல் நடந்த எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். ஆனால் தொலைக்காட்சி உலகம் அதிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொண்டது: ஜோடியைச் சீக்கிரம் சேர்க்காதே, இழு. அவர்களை நண்பர்களாகவே விட்டுவிடலாமே என்ற எண்ணம் யாருக்கும் வரவில்லை. அதற்கப்புறம் நட்பு என்பது பேருந்து வரும்வரை நிற்கும் நிழற்குடை மாதிரி ஆகிவிட்டது. ஆறு சீசன், ஏழு சீசன் நிற்கலாம், ஆனால் குடியிருக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த தொடருக்கே அது நடந்தது. 'எக்ஸ் ஃபைல்ஸ்' 1993-ல் தொடங்கியபோது, மல்டருக்கும் ஸ்கல்லிக்கும் நடுவில் காதல் வேண்டாம் என்பதில் அதை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர் உறுதியாக இருந்தார். விளங்காத வழக்குகளை விசாரிக்கும் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள்: மல்டர் வேற்றுக்கிரகவாசிகளை நம்புகிறவன், ஸ்கல்லி எதையும் சோதித்துப் பார்க்கிற மருத்துவர். காரில் உட்கார்ந்து விடிய விடிய வாதாடுவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் ஏற்காமலே ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள். இதைவிட நட்புக்கு என்ன இலக்கணம் வேண்டும்? ஆனால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சேர்த்து வைக்கச் சொன்னவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் 'ஷிப்பர்'. இன்று கொரியத் தொடர் பார்க்கிற நம் பிள்ளைகள் "நான் இவங்க ரெண்டு பேரையும் ஷிப் பண்றேன்" என்கிறார்களே, அந்தச் சொல்லின் பிறப்பு அங்கேதான். வேண்டாம் என்றவர்களுக்கு 'நோரோமோ', அதாவது 'நோ ரொமான்ஸ்', என்று பெயர். அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஷிப்பர்கள்தான் ஜெயித்தார்கள். முத்தம் வந்தது, குழந்தை வந்தது, பிரிவு வந்தது. மோசமாக எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கார் வாக்குவாதங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இப்போது பார்வையாளர்களே அந்த வேலையைச் செய்துவிடுகிறார்கள். சிகாகோ சமையலறையில் நடக்கும் 'தி பியர்' தொடரில், இரண்டாவது சீசனில், கார்மி என்ற சமையல்காரனும் அவனோடு வேலை பார்க்கும் சிட்னி என்ற பெண்ணும், கால் ஆட்டம் காணும் ஒரு மேஜையைச் சரிசெய்ய அதன் அடியில் படுத்திருப்பார்கள். அன்று அவர்கள் உணவகத்தின் திறப்பு. இரண்டு பேருக்கும் உள்ளே நடுக்கம். நீ இல்லாமல் என்னால் இதைச் செய்ய முடியாது என்கிறான் அவன். ஒரு தொழிலைச் சேர்ந்து தொடங்குகிற யாரும் கூட்டாளியிடம் சொல்லக்கூடிய, சொல்ல வேண்டிய வார்த்தை அது. இணையம் முழுக்க அதைக் காதல் காட்சியாகவே வெட்டி ஒட்டினார்கள். நடித்தவர்களே இது காதல் இல்லை என்று சொல்லியும் நிற்கவில்லை.

சரி, முடியவே முடியாதா? முடியும். பார்த்திருக்கிறேன்.

'எலிமெண்டரி' என்று ஒரு தொடர், 2012 முதல் 2019 வரை ஏழு சீசன் வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸ் நியூயார்க்கில் இருக்கிறார், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டு வருகிறார். வாட்சன் இங்கே ஒரு பெண், ஜோன் வாட்சன். லூசி லியூ நடித்திருப்பார். வாட்சனைப் பெண்ணாக்கியதுமே, அப்புறம் என்ன, காதல்தான் என்று பலர் முடிவு கட்டினார்கள். தொடரை உருவாக்கிய ராபர்ட் டோஹர்ட்டி அப்படி எதுவும் நடக்காது என்று ஆரம்பத்திலேயே சொன்னார், கடைசிவரை காப்பாற்றினார். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவள் தூங்கும்போது கட்டிலருகே வந்து நின்று எழுப்புவான், போட்டுக்கொள்ள வேண்டிய துணியைக்கூட எடுத்து வைத்திருப்பான். ஒரு நிமிடம்கூட அந்த அறையில் வேறு எதுவும் இருக்காது.

முதல் சீசனின் கடைசிக் காட்சியைச் சொல்ல வேண்டும். ஷெர்லாக் மொட்டை மாடியில் தேனீ வளர்க்கிறவன். அங்கே ஒரு பெட்டியில் இரண்டு வேறு இனத் தேனீக்கள் கலந்து, அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு தேனீ பிறக்கிறது. கண்டுபிடித்தவனுக்குத்தான் பெயர் வைக்கிற உரிமை. அவன் வாட்சனின் பெயரை வைக்கிறான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பூச்சிகள் வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான் காட்சி. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, இருவரும் தேனீயைப் பார்க்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மனிதர்கள் காதலிக்கிறவர்களுக்கு எத்தனையோ பரிசு கொடுத்திருக்கிறார்கள். ஒரு உயிரினத்தின் பெயரையே தோழிக்குக் கொடுத்தவனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அடுத்து, 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்'. லெஸ்லி நோப், அரசாங்கம் மக்களுக்கு எல்லாம் செய்யும் என்று நம்புகிற அரசு ஊழியர். அவளுடைய மேலதிகாரி ரான் ஸ்வான்சன், அரசாங்கமே இருக்கக் கூடாது என்று நம்புகிறவர். ஏழாவது சீசனில் இருவரும் வருடக்கணக்காகப் பேசிக்கொள்வதில்லை. பொறுக்க முடியாமல் நண்பர்கள் அவர்களைப் பழைய அலுவலகத்தில் ஓர் இரவு முழுக்கப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். ரான் வாயைத் திறக்க விடியற்காலை ஆகிவிடுகிறது. கடைசியில் சொல்கிறார்: லெஸ்லி வேறு வேலைக்குப் போனாள், அவள் பின்னாலேயே ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருநாள் தலை நிமிர்ந்து பார்த்தால் அலுவலகத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அதனால், மத்திய அரசில் தனக்கும் ஒரு வேலை தரச் சொல்லி அவளிடம் கேட்பதற்காக மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். அரசாங்கத்தை வெறுக்கும் ரான்! அவள் மறந்துபோனாள். அவர் உணவகத்தில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டுத் திரும்பினார்.

அவ்வளவுதான் பகைக்குக் காரணம். ஒரு மதியச் சாப்பாடு. நட்பு முறிவதை இவ்வளவு சரியாக நான் எங்கும் பார்த்ததில்லை. காதல் முறிந்தால் அழுவதற்குப் பாட்டு இருக்கிறது, லீவு போடலாம், நாலு பேர் வந்து தேற்றுவார்கள். நண்பர் வராமல் போன மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியாக 'மேட் மென்'. 2010-ல் வந்த 'தி சூட்கேஸ்' என்ற அத்தியாயம். இதுவும் ஓர் இரவு, அலுவலகம். 1965-ம் வருடம், விளம்பர நிறுவனம். முதலாளி டான் டிரேப்பர், அவரிடம் செக்ரட்டரியாக வந்து எழுத்தாளராக உயர்ந்த பெக்கி. அன்று அவளுடைய பிறந்தநாள். பெட்டி விளம்பரம் ஒன்றுக்காக அவளைப் போக விடாமல் பிடித்து வைக்கிறார். கத்துகிறார்கள், அழுகிறாள், அப்புறம் சாப்பிடப் போகிறார்கள், குடிக்கிறார்கள், பேசுகிறார்கள். அப்போது பெக்கி ஒன்று சொல்வாள். பல வருடத்துக்கு முன் யாருக்கும் தெரியாமல் அவள் ஒரு குழந்தை பெற்றாள். அந்தக் குழந்தைக்குத் தகப்பன் டான்தான் என்று அவள் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஏன்? மருத்துவமனையில் அவளை வந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அந்த அட்டெண்டர் பாஸ்தான் கண்ணில் வந்தது. மருமகனா?

விடிந்ததும் டான், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த ஒரு போனைப் போடுகிறார். கலிபோர்னியாவில் இருந்த அன்னா என்ற அவருடைய தோழி இறந்துவிட்டாள். டானின் பொய்களெல்லாம் தெரிந்தும் அவரை வெறுக்காத ஒரே ஆள். அதுவும் ஓர் ஆண்-பெண் நட்புதான். டான் உடைந்து அழுகிறார். என்னை உண்மையாகத் தெரிந்த ஒரே ஜீவன் போய்விட்டது என்கிறார். அப்படியில்லை என்கிறாள் பெக்கி. அவர் முதுகில் கையை வைக்கிறாள். அந்தத் தொடரில் டான் தொட்ட பெண்களை எண்ணி முடியாது. ஆனால் அந்தக் கை மட்டும்தான் எனக்கு நினைவில் நிற்கிறது.

தொடுகை என்றதும் புறநானூறு ஞாபகத்துக்கு வருகிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியது, 235-ஆம் பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் குடித்துப் பாட, மிச்சத்தை அவன் மகிழ்ந்து குடிப்பான் என்று புலம்புகிறாள். அப்புறம் ஒரு வரி: நறுமணம் வீசும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே! ஒரு பெண், தன்னோடு சேர்ந்து குடித்த, தன் தலையைத் தடவிய ஆணுக்காக ஊரறியப் பாடிய ஒப்பாரி. இதை நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம் தெரியுமா? ஔவையைக் கிழவியாக்கித்தான். பின்னால் வந்த வேறு ஔவையின் கதைகளையெல்லாம் கலந்து, கையில் கோலைக் கொடுத்து, நரைத்த தலையோடு நிறுத்திவிட்டோம். அதே புறநானூற்றில், 89-ஆம் பாட்டில், மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண், என்றே அவளை அழைக்கிறான் பகை மன்னன். அவளுக்கு என்ன வயதோ, நாம் பார்த்துப் பழகிய பாட்டி நிச்சயமாக இல்லை. அதியமானுக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை என்று நாம் நிம்மதியடைய அவள் முடி நரைக்க வேண்டியிருந்தது.

நட்பு காதலாக மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் மோனிகாவும் சாண்ட்லரும் சேர்ந்தது எனக்கு அத்தனை பிடிக்கும். நல்ல நண்பனையே கட்டிக்கொண்டவர்கள் என் வீட்டிலேயே உண்டு. ஆனால் அதே தொடரில் பத்து வருடமும் நண்பர்களாகவே இருந்த ஜோயியையும் ஃபீபியையும் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? ஓர் ஆணும் பெண்ணும் நண்பர்களாகவே கடைசிவரை இருந்தால் அங்கே கதையே நடக்கவில்லை என்று நினைக்கிறோம். என் ஆற்றாமை அதுதான்.

'மேட் மென்' கடைசி அத்தியாயத்தில் பெக்கி இரண்டு பேரோடு போனில் பேசுவாள். ஒருவர் டான், எல்லாம் இழந்த நிலையில். இன்னொருவன், வருடக்கணக்காக அவளோடு போனில் அரட்டை அடித்த சக ஊழியன் ஸ்டான். ஸ்டான் காதலைச் சொல்கிறான், அவளும் சொல்கிறாள். எல்லோரும் கொண்டாடிய காட்சி. எனக்கு மட்டும் அந்த அரட்டை அப்படியே இருந்திருக்கலாமே என்று இருந்தது.

போன வாரம் என் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு ஒருத்தன் கிடைச்சா உனக்கு என்ன போச்சு? பாவம், தனியாவே இருந்தா" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் அவன் மனைவி சமையலறையிலிருந்து, "அக்கா சொல்றதுதாங்க சரி, ஸ்டான் போன்ல பேசுறவரைக்கும்தான் நல்லா இருந்தான்" என்றாள். அப்புறம் அவர்கள் இருவருக்கும் நடுவில் பெரிய வாக்குவாதம். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் மூன்று விசில் விட்டதும், "அப்பாவுக்கு மாத்திரை மாத்தியாச்சா?" என்று விசாரித்துவிட்டு அவன் போனை வைத்தான்.