லோச் மீன் வாங்குவதற்கு முன் தொட்டியின் தரையை அளந்து பாருங்கள்

போன மாதம் ஒருநாள் காலையில் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மீன் செத்துப்போச்சு, சாஞ்சு கெடக்குது." குரல் உடைந்திருந்தது. வீடியோவில் காட்டச் சொன்னேன். ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டை போட்ட க்ளவுன் லோச், கல்லோரமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது. செவுள் சீராக அசைந்துகொண்டிருந்தது. "சாகலடா, படுத்திருக்குது" என்றேன். இந்த மீன் ஓய்வெடுக்கும் விதமே அதுதான். கொஞ்ச நேரத்தில் எழுந்து நீந்திப் போய்விட்டது.

அவனுக்கு நிம்மதி, எனக்குத்தான் கவலை பிடித்துக்கொண்டது. அந்தத் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். முழுசாக நிரப்பினாலும் ஏறக்குறைய 57 லிட்டர். அதற்குள் மூன்று க்ளவுன் லோச். கேட்டால், "தொட்டிக்குத் தகுந்த மாதிரிதான் மீன் வளரும்னு கடையில சொன்னாங்க மாமா" என்கிறான். இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது. சின்னத் தொட்டியில் மீன் வளராமல் போவது உண்மைதான். ஆனால் அது சுகமாகச் சின்னதாக இருப்பதில்லை. கழிவு சேர்ந்த தண்ணீரில் வளர்ச்சி குன்றி, அடிக்கடி நோயில் விழுந்து, பாதி ஆயுளில் போய்விடுகிறது.

சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன் அது. கடையில் பார்க்கும்போது இரண்டு அங்குலம்தான். வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை போகும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 வருஷத்துக்கு மேல் இருக்கும். தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கிவிடும், ஐந்தாறு பேராவது கூட இருக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ள ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி வேண்டும். தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 680 கிலோ. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். வாடகை வீட்டு மாடியில் இதை வைக்க முடியுமா என்று வாங்குமுன் யார் யோசிக்கிறோம்?

லோச் என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கிற அயிரையும் லோச் வகைதான். உயிரோடு இருக்கும் அயிரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணலைக் கண்டால் புதைந்துகொள்ளும். இந்த இனத்துக்குத் தரைதான் வீடு. அதனால்தான் உயரமான தொட்டியையும் உருண்டைக் கண்ணாடிக் குடுவையையும் வாங்காதீர்கள் என்கிறேன். அதே அளவு தண்ணீர் நீளமாகவும் அகலமாகவும் பரவியிருந்தால் லோச்சுக்கு நடமாட இடம் கிடைக்கும். அடியில் கூரான கலர் கல் வேண்டாம். வாயோர மீசையால் துழாவித்தான் அது இரை தேடும், அந்த மீசை தேய்ந்துவிடும். சலித்துக் கழுவிய மெல்லிய மணல் போதும்.

வரிக்குதிரைக் கோடு போட்ட ஸீப்ரா லோச் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொத்து. மூன்றங்குல மீன், ஆறு மீனுக்கு மூன்றடித் தொட்டி தாராளம். ஆனால் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஓடையில் பிடித்து வந்ததை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

இரண்டடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் என் பதில் குஹ்லி லோச். மஞ்சளும் பழுப்பும் பட்டையாக, குட்டிப் பாம்பு மாதிரி இருக்கும். மூன்று, நான்கு அங்குலத்துக்கு மேல் வளராது. ஃபில்டர் குழாய்க்குள் நுழைந்துவிடும், குழாயின் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். அப்புறம் மூடி. இதை நான் இழந்து கற்றேன். ஒயர் போவதற்காக மூடியின் மூலையில் ஒரு விரல் அளவு வெட்டியிருந்தேன். ஒரு காலையில் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்த நூல் போல ஒன்று கிடந்தது. நான்கு வருஷம் கூட இருந்த மீன். அன்றைக்கே அந்த இடைவெளியை ஸ்பாஞ்ச் வைத்து அடைத்தேன்.

அக்கா மகனோடு கடைக்குப் போய் க்ளவுன் லோச்சுகளைத் திருப்பிக் கொடுத்தோம். வலையில் அள்ளவில்லை. அதன் கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள் ஒன்று உண்டு, பயந்தால் விரித்து வலையில் சிக்கிக்கொள்ளும். டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து ஒவ்வொன்றாக உள்ளே வரவைத்தோம். அவன் அழுதான், நானும் தடுக்கவில்லை.

இப்போது அந்தத் தொட்டியில் மணல், ஒரு கட்டை, ஆறு குஹ்லி லோச். பகலில் ஒன்றும் கண்ணில் படாது. நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்து எண்ணியிருக்கிறான். ஐந்துதான் வந்ததாம். "மூடியைப் பார்த்தியா?" என்றேன். "பார்த்துட்டேன் மாமா, இடைவெளியே இல்ல. கட்டைக்கு அடியில மணலுக்குள்ள வால் மட்டும் தெரியுது" என்றான்.