விசேஷம் கீழே முடியட்டும், வண்டி அப்புறம் மலை ஏறட்டும்

கோடை லீவு நெருங்கினால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே மாதிரித் திட்டம்தான் ஓடுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு வேன் அல்லது கேரவன் எடுப்பது, திருச்சியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு, திண்டுக்கல்லில் பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், அப்படியே கொடைக்கானலில் இரண்டு நாள், கடைசியாக இறங்கி வந்து பழனியில் குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து. ஒரே வாடகையில் நாலு காரியம். எல்லாம் சரி, வரிசைதான் தப்பு. பழனியை முதலில் முடித்துவிட்டு மலை ஏறுங்கள். கொடைக்கானலில் இருந்து முகூர்த்தத்துக்கு இறங்காதீர்கள்.

மொட்டைக்குக் காலை 6 முதல் 7.30 என்று நேரம் குறித்திருப்பார்கள். கொடைக்கானலிலிருந்து பழனி 64 கிலோமீட்டர். மேப் இரண்டு மணி நேரம் என்று காட்டும். பாட்டியைக் கிளப்பி, குழந்தைக்குப் பால் கொடுத்து, பையெல்லாம் ஏற்றி முடிக்க மணி நாலாகிவிடும். அதற்குப் பிறகு பெருமாள்மலையில் பனிமூட்டம், கீழே சவரிக்காடு பக்கம் காட்டுமாடு, பின் சீட்டில் இருந்து "அண்ணே, முகூர்த்தம் தாண்டிடும்" என்று நிமிடத்துக்கு ஒரு குரல். ஏறும்போது லேட்டானால் யாருக்கும் நஷ்டமில்லை, ரூமுக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவோம். இறங்கும்போது லேட்டானால் டிரைவர் கியரை ஏற்றிவிட்டுப் பிரேக்கை நம்ப ஆரம்பிப்பார். மலையில் விபத்து பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பிரேக் விஷயத்தை வண்டியில் உட்கார்ந்து வருகிறவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. ஏற எந்த கியர் கேட்டதோ, இறங்கவும் அதே கியர். கொண்டை ஊசியில் ஏறும்போது இரண்டாவது கேட்டிருந்தால் இறங்கும்போதும் இரண்டாவதுதான். எஞ்சின் உறுமும், உறுமட்டும். வண்டியைப் பிடித்து நிறுத்துவது அந்த உறுமல்தான். பிரேக்கைக் காலில் தேய்த்துக்கொண்டே வரக்கூடாது. வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுசாக விட வேண்டும். தேய்த்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் இருக்கும் பிரேக் டிரம் சூடாகும், அதில் உரசும் லைனிங்கின் பிடிப்பு குறையும், சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 என்ற ரகத்துப் பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய டாட் 3க்குக் கொதிநிலை 140 டிகிரிதான் கணக்கு. கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழ் வரும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் திடீரென்று பஞ்சு மாதிரி தரையைத் தொடுகிறது. வேன் பேசும்போது ஏசி வேலை செய்யுமா, புஷ்பேக் சீட்டா என்று கேட்கிறோமே, பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகவில்லையே என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பது பழைய கதை. இப்போதைய டீசல் எஞ்சினில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் பீய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் போகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, பிரேக்கை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டரில் வாக்கம் (வெற்றிடம்) இருக்காது, பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

கருகிய வாடை வந்தால் ஓரத்தில் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இறக்கத்தில் ரிவர்ஸ் கியரில் போட்டு எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் சூடான டிரம் விரிசல் விடும். கட்டை இல்லாமல் கல்லை வைத்திருந்தால், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள். வத்தலக்குண்டு ரோட்டில் ஏற்றம் முழுக்க நடுரோட்டில் கிடக்கும் கற்களில் பாதி இப்படி வைத்துவிட்டு மறந்தவைதான். ராத்திரி பைக்கில் வருகிறவனுக்கு அது எமன்.

எந்த வழி? சின்ன வண்டி என்றால் பழனி வழியாகவே ஏறலாம். பெரிய வேன், கேரவன் என்றால் பழனியில் விசேஷத்தை முடித்து, சுற்றாக இருந்தாலும் வத்தலக்குண்டு போய் ஏறுவதுதான் என் யோசனை. பழனி ரோடு குறுகல், ஐப்பசி கார்த்திகை மழையில் மண் சரியும். வத்தலக்குண்டு வழியில் டம் டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு என்று நின்று மூச்சுவிட இடம் உண்டு, டீயும் கிடைக்கும். 12 மீட்டருக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு 2024 நவம்பரிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் தடை. எதிரே ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும், சட்டமும் அதுதான்.

கேரவனைப் பற்றி நாலு வார்த்தை. சமவெளியில் அது சொகுசு, மலையில் அது பாரம். 100 லிட்டர் தண்ணீர் டேங்க் என்றால் 100 கிலோ. பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம், ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாக அடித்து வண்டியைத் தள்ளும். ஏறும் முன் கழிவு டேங்கை முறையான இடத்தில் காலி செய்துவிட்டு, நல்ல தண்ணீரைத் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் வால்வை மூடுங்கள். ஃபிரிட்ஜ் கதவு, அலமாரிக் கதவு எல்லாவற்றுக்கும் கொக்கி போடுங்கள், மூன்றாவது வளைவிலேயே சாம்பார் தூக்கு தரைக்கு வந்துவிடும். அண்டா, குத்துவிளக்கு, அரிசி மூட்டையை மேலே கேரியரில் கட்டாதீர்கள். உயரத்தில் பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும். காப்புக்காட்டு ஓரமாக வண்டியைப் போட்டு ராத்தங்கலாம் என்ற கனவையும் விட்டுவிடுங்கள், வனத்துறை விடாது.

பழனியில் மலையைச் சுற்றியுள்ள கிரிவீதியில் தனியார் வண்டிகள் போக முடியாது. வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு, பெரியவர்களைப் பேட்டரி வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ரோப் காரை மட்டும் நம்பி நேரம் வைக்காதீர்கள், காற்று பலமாக அடித்தாலே நிறுத்துவார்கள், பராமரிப்புக்காக மாதம் ஒரு நாளும் வருடத்தில் சில வாரங்களும் ஓடாது. தண்டவாளத்தில் இழுத்து ஏற்றும் வின்ச் உண்டு, ஆனால் வரிசை நீளம். முடி காணிக்கைக்கு 2021லிருந்து கட்டணம் கிடையாது. மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக 2023 அக்டோபரிலிருந்து தடை, அதனால் தாய்மாமன் மடியில் உட்காரும் போட்டோவெல்லாம் கீழே காதுகுத்து மண்டபத்திலேயே எடுத்துவிடுங்கள்.

மொட்டை போட்ட அன்றைக்கே மலை ஏறினால் குழந்தையைக் கவனிக்க வேண்டியிருக்கும். தலையில் ஈரச் சந்தனத்தோடு 7000 அடிக்குக் கொண்டுபோனால் நடுங்கிவிடும். சந்தனம் காய்ந்த பிறகு துடைத்துவிட்டு, முதலில் மெல்லிய பருத்தித் துணி, அதற்கு மேல் குல்லா. நேராகக் கம்பளிக் குல்லாவை மாட்டினால் அன்று குத்திய கம்மலில் நூல் சிக்கும். கழற்றும்போது இழுத்துவிட்டால் புதுத் துளை கிழியும், ரத்தம் வரும். கைக்குழந்தைக்கு ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள், விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும். வாந்தி எடுக்கிறவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் ரோட்டைப் பார்த்து வரட்டும், போனைப் பார்க்க வேண்டாம். மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, அடிவாரத்துக்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

மேலே சமைப்பவர்களுக்கு: கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது, குக்கர் இல்லாமல் ஏறாதீர்கள். இட்லி மாவை மேலே கொண்டுபோய்ப் புளிக்க வைக்க நினைத்தால் காலையில் தட்டையான இட்லிதான். கீழேயே புளிக்கவிட்டுக் கொண்டுபோங்கள். பாலுக்கு உறை ஊற்றினால் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வையுங்கள், அப்போதும் கெட்டித் தயிருக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

கொடைக்கானல் ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) 2024 மே 7லிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. எனவே சீசனில் ரூம் போடும் அன்றே பாஸும் எடுத்துவிடுங்கள். வண்டி நம்பர் மாறினால் பாஸ் செல்லாது. கடைசி நேரத்தில் டிராவல்ஸ்காரர் வேறு வேன் அனுப்பினால் சோதனைச் சாவடியில்தான் தெரியவரும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிப்பார்கள். பெரிய கேனும் எவர்சில்வர் சொம்பும் போதும்.

டிரைவருக்கு வருவோம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கேரவனில் நாலு படுக்கை இருக்கும், நாலிலும் நம் வீட்டு ஆட்கள். டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குவார், அந்தக் குளிரில். ரூம் போடும்போதே அவருக்கும் ஒரு கட்டிலும் இரண்டு கம்பளியும் சேர்த்துப் போடுங்கள். இறங்கும் நாளில் காலை டிபன் முடித்து, பனி விலகிய பிறகு, 9 மணிக்கு மேல் வண்டியை எடுக்கச் சொல்லுங்கள். பழனி வேலைதான் முன்பே முடிந்துவிட்டதே, அப்புறம் என்ன அவசரம்?