செல்லரித்த உத்திரம்

போன மாதம் எங்கள் சேகரக் கமிட்டியில், அதாவது சபை நிர்வாகக் குழுவின் கூட்டத்தில், ஒரு பையனின் மானத்தை வாங்கினேன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், நல்ல குரல், பாடகர் குழுவில் சேரக் கேட்டிருந்தான். நான்தான் எழுந்து, "டாஸ்மாக் வாசலில் இரண்டு தடவை என் கண்ணாலேயே பார்த்தேன், இவனுக்கு அங்கி மாட்டி முன்னால் நிறுத்தினால் சபையின் சாட்சி என்ன ஆகும்" என்று கேட்டேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. பேரை எடுத்துவிட்டார்கள். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது கமிட்டியில் இருக்கிற வயதான டீச்சரம்மா பக்கத்தில் வந்து, "ஏப்பா, உன் தம்பி எப்படி இருக்கான்? சோழவந்தான்லதானே இருக்கான்?" என்றார். உள்குத்து ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்டார். "நல்லா இருக்கான் டீச்சர்" என்றேன். அவனோடு பேசி ஏழு வருடம் ஆகிறது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தாத்தாவின் ஓட்டு வீட்டைப் பிரித்தபோது மூன்று தேக்கு உத்திரங்கள் இருந்தன. நடு உத்திரத்தில்தான் தொட்டில் கட்டி முதலில் என்னையும் அப்புறம் அவனையும் ஆட்டினார்களாம், கயிறு உரசிய தடம் மரத்தில் வழவழவென்று பள்ளமாக இருந்தது. பழைய மரக்கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கொடுத்தார். தம்பியிடம், "எல்லாம் செல்லரிச்சுப் போச்சுடா, விறகுக்குத்தான் ஆச்சு" என்று சொன்னேன். அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரே ஒரு தடவை வந்து கேட்டான். நான் கத்தியதோடு நிற்காமல், பணப்பேய் பிடித்தவன் என்று சொந்தபந்தம் முழுக்க அவனைப் பற்றித்தான் சொல்லி வைத்தேன்.

இதில் கூத்து என்னவென்றால், இத்தனை வருடமும் ஓய்வுநாள் பள்ளியில் மத்தேயு 7-ஆம் அதிகாரம் நடத்தியது நான்தான். உன் கண்ணில் உத்திரம் இருக்க, சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பை ஏன் பார்க்கிறாய் என்கிற வசனம். பிள்ளைகள் சிரிப்பார்கள், கண்ணுக்குள் உத்திரம் எப்படி சார் போகும் என்று. நானும் கூடச் சிரிப்பேன்.

இயேசு தச்சர். பட்டறையில் தூசி விழாத கண் கிடையாது, உத்திரத்தின் கனமும் அவருக்குத் தெரியும். எனக்கு இப்போது தோன்றுவது இதுதான்: உத்திரம் கூரையைத் தாங்குகிற மரம். அதை உருவினால் வீடு இறங்கிவிடும். நான் யோக்கியன் என்கிற வீடு, தம்பி பேராசைக்காரன் என்கிற மரத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. பிறகு எப்படி அதில் கைவைப்பேன்?

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு பழைய கதை உண்டு. 1606-ல் இங்கே வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, மரக்கறி சாப்பிட்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். அவருக்கு முன்பே இங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ், அவரும் இயேசு சபைதான், இது கிறிஸ்தவமே இல்லை என்று புகார் எழுதினார். வழக்கு ரோம் வரை போய் 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் அந்த நொபிலியும் மேல்சாதியாரைச் சேர்ப்பதற்காக எளிய கிறிஸ்தவர்களிடமிருந்து விலகியே இருந்தவர். ஒரே ஊர், ஒரே சபை, ஆளுக்கொரு உத்திரம். நம் கோயில்களில் சாதி இன்னும் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று எழுத ஆரம்பித்தால் அது தனிப் பதிவாகிவிடும், அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.

அப்புறம், இந்த வசனத்தை நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம். யாராவது நம்மைக் கேள்வி கேட்டால், "நியாயந்தீர்க்காதீங்க பிரதர்" என்று வாயை அடைக்க மட்டும் எடுக்கிறோம். ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள், முதலில் உன் உத்திரத்தை எடு, பின்பு அவன் துரும்பை எடுத்துப்போட "வகைபார்ப்பாய்" என்றுதான் இருக்கிறது. துரும்பையும் எடுக்கத்தான் வேண்டும். அம்மா எடுப்பாரே, முந்தானை நுனியைத் திரித்து, இமையை மெதுவாக மடக்கி, "ஆடாதடா" என்று மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் நின்று. நான் அந்தப் பையனுக்குச் செய்தது அதுவா? குடி கெடுதல்தான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் கையை நீட்டிக் காட்டியதைத் தவிர அவனிடம் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் அவன் பேரை நானே முன்மொழிவதாக ஆயரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் அவனைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முதல் ஞாயிறு திருவிருந்து. பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று அதே மத்தேயுவில் இருக்கிறது. கோயிலுக்குப் போகாமல் சோழவந்தான் பஸ் ஏறினேன். தம்பி மனைவிதான் இருந்தாள். "அவங்க கொடிக்காலுக்குப் போயிருக்காங்க, உட்காருங்க" என்று சொல்லிக் காபி கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தான். என்னைப் பார்த்தான், குழாயில் கால் கழுவினான், துண்டை எடுத்து நிதானமாகத் துடைத்தான். நான் ஒன்பதாயிரத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செல்லரிச்ச மரத்துக்கு இவ்வளவு தர்றாங்களாண்ணே?" என்றான்.