போஸ்டர் அனுப்பினால் செய்தி ஆகிவிடுமா?

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், சங்கங்களின் விளம்பரப் பொறுப்பாளர்கள் வாட்ஸ்அப்பில் போஸ்டர் மழை பொழிவார்கள். கேட்டால் "பத்திரிகைக்கு அனுப்பியாச்சு!" அனுப்பியது செய்தியா? ஒரே படம். நாள், இடம், நேரம் எல்லாம் அதற்குள் பூட்டிக் கிடக்கும். பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர் அதை நகலெடுக்க முடியாது, உட்கார்ந்து தட்டச்சு செய்யவேண்டும். செய்வாரா?

புகைப்படமும் அதே போஸ்டரிலிருந்து வெட்டியது. அச்சில் 10 செ.மீ. அகலம் வேண்டுமென்றால் 300 டிபிஐ-க்குச் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 1,200 பிக்சல் தேவை. வாட்ஸ்அப் சுருக்கிய போஸ்டரில் வெட்டிய முகத்தில் 200 தேறினால் அதிசயம். படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் சுருங்காது. அதற்கு ஒரு தட்டுத்தான் கூடுதல்!

தமிழ்த் தலைப்போ பாமினி என்ற பழைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எந்தக் கணினியிலும் தமிழ் தெரியும் யூனிகோடு வந்து எத்தனை காலம் ஆச்சு!

ஆண்டு போடாத போஸ்டர் இன்னொரு கொடுமை. பூசத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். பழையது சுற்றிக்கொண்டே இருக்கும். திருத்தம் அனுப்பினாலும் ஒரு தடவைக்கு 5 சாட்டுக்குத்தான் ஃபார்வர்டு போகும். பழைய போஸ்டர் அதற்குள் பாட்டி போன்வரை போயிருக்கும்.