பெருங்காய டப்பாவும் பதின்மூன்று இலக்கங்களும்

(இடம்: தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி. சிங்காரம் மாமாவின் சமையலறை. ரசம் வைக்க வந்த தங்கை மகள் கஸ்தூரி, பெருங்காய டப்பாவைத் திறந்து திகைத்து நிற்கிறாள்.)

கஸ்தூரி: மாமா, இதற்குள் கிரெடிட் கார்டு இருக்கிறதே!

மாமா: மெதுவாகப் பேசு. திருட வருகிறவன் பீரோவை உடைப்பான், மெத்தையைப் புரட்டுவான். பெருங்காயத்தைத் திறந்து முகர்ந்து பார்க்கும் அளவுக்கு அவனுக்குப் பொறுமை இருக்காது.

கஸ்தூரி: பின்புறம் பிளாஸ்திரி ஒட்டி என்னவோ எழுதியிருக்கிறீர்களே?

மாமா: பின் நம்பர்தான். தமிழ் எண்களில் எழுதியிருக்கிறேன். ௪ எது, ௬ எது என்று தெரிந்த திருடன் இந்த டர்பனில் இன்னும் பிறக்கவில்லை.

கஸ்தூரி: உங்களுக்குத் தெரியுமா?

மாமா: அங்கேதான் சிக்கல். ஏடிஎம்மில் ௬ என்று எழுதியதை நானே ௪ என்று படித்துவிட்டேன். பின்னால் நின்ற பையன் உதவுவதாகச் சொல்லிக் கார்டைக் கேட்டான்.

கஸ்தூரி: ஐயையோ, கொடுத்துவிட்டீர்களா? கண்ணிமைக்கும் நேரத்தில் வேறு கார்டை மாற்றிக் கையில் திணித்துவிடுவார்களே!

மாமா: நான் என்ன ஏமாளியா? முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் பாவம், முகம் வாடிவிட்டது; ஆகவே வீட்டு விலாசத்தைக் கொடுத்து ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னேன்.

(கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொள்கிறாள். வேறென்ன செய்வாள்?)

கஸ்தூரி: உங்கள் பிளாஸ்திரி செய்த ஒரே நல்ல காரியம், பின்புறத்து மூன்று இலக்க எண்ணை மறைத்ததுதான். அதுவும், முன்புறத்து எண்ணும், காலாவதித் தேதியும் கிடைத்தால், கார்டைத் தொடாமலே இணையத்தில் பொருள் வாங்கப் பார்ப்பார்கள்.

மாமா: இதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால்தான் மாலில் அரிசி மூட்டைக் குலுக்கலுக்குப் படிவம் நிரப்பியபோது கார்டு எண்ணை எழுதவில்லை. அடையாள எண்ணும் போன் நம்பரும் மட்டும்தான் கொடுத்தேன்.

கஸ்தூரி: அந்த அடையாள எண்ணின் பதின்மூன்று இலக்கங்களில் முதல் ஆறும் உங்கள் பிறந்த தேதி, அடுத்த நான்கு 5000-க்குக் கீழே என்றால் பெண், மேலே என்றால் ஆண்.

மாமா: நான் ஆண் என்பதை என் மீசையே சொல்லுமே!

கஸ்தூரி: மீசையை வைத்து எவனும் சிம் வாங்க முடியாது. அந்த எண்ணைக் காட்டி, நீங்கள்தான் என்று நடித்து, சிம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி உங்கள் நம்பரைத் தன் கையிலுள்ள சிம்முக்கு மாற்றிக்கொள்கிறவனுக்குத்தான் வங்கி அனுப்பும் ஓடிபி எல்லாம் போய்ச் சேரும். உங்களுக்கு வந்து சேருவது, போனில் சிக்னல் இல்லாமை ஒன்றே.

மாமா: நான் லோட் ஷெடிங் மின்வெட்டால் டவர் நின்றுவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிடுவேனே!

கஸ்தூரி: அவனுக்கு வேண்டியதும் அதுதான். அதே நிறுவனத்துச் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாருக்குச் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால், அவர்கள் போனிலிருந்தே உடனே வங்கியைக் கூப்பிடுங்கள்.

மாமா: போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டதே, அது என்ன செய்கிறது?

கஸ்தூரி: தகவலை வாங்குகிறவனை அது கட்டுப்படுத்தும், தேடிப் போய்க் கொடுக்கிற உங்களை எப்படித் தடுக்கும்? எஸ்ஏஎஃப்பிஎஸ் என்னும் மோசடித் தடுப்பு அமைப்பில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். உங்கள் பெயரில் எவனாவது கடன் கேட்டால், கொடுப்பவர் ஒருமுறைக்கு இருமுறை விசாரிப்பார். இப்போதே பதிந்துவிடலாம், அடையாளப் புத்தகத்தை எடுங்கள்.

மாமா: அதை எங்கே பத்திரப்படுத்தினேன் என்பதுதான் நினைவில்லை. மாலில் குலுக்கல் மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணைக் கேட்டுப் பார், எண்ணை அழகான எழுத்தில் குறித்து வைத்திருக்கிறாள்.