வெளிநாட்டுக் கல்வி நிதி: அந்த வாட்ஸ்அப் தகவல் தவறு

"வெளிநாட்டுக் கல்வி உதவிப் பணத்தை எந்தத் தொண்டு நிறுவனமும் உள்ளூர் வங்கியில் வாங்கி, தேர்தலுக்குக் கட்சிகளிடம் கொடுக்கலாம்" என்று காட்பாடி, குடியாத்தம் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படிச் செய்ய முடியாது.

2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ), பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பணம் வாங்கவே கூடாது. கட்சிகளும் வேட்பாளர்களும் வாங்க பிரிவு 3 தடை விதிக்கிறது. பணம் முதலில் இறங்குவது வேலூர்க் கிளையில் அல்ல. பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில். அங்கிருந்துதான் இங்கே மாற்றலாம். 2020 திருத்தத்துக்குப் பின் இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் வழியில்லை. நிர்வாகச் செலவும் வந்த பணத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

உள்துறை அமைச்சகத்தின் எஃப்சிஆர்ஏ இணையதளத்தில் சட்டமும் விதிகளும் இருக்கின்றன. பணம் வாங்கும் நிறுவனம் நிதியாண்டு முடிந்த 9 மாதத்துக்குள் தணிக்கைக் கணக்கை வெளியிட வேண்டும். சந்தேகமென்றால் அந்த நிறுவனத்திடமே கேளுங்கள். அந்தத் தவறான வாட்ஸ்அப் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.