மரப்பெட்டி என்றாலும் எர்த் வேண்டும்

வால்வு பிரீஆம்ப்பை (கண்ணாடிக் குழாய் வால்வால் மெல்லிய ஒலி சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) பலா மரப் பெட்டியில் கட்டினால் எர்த் தேவையில்லை, மரம் கரண்ட்டைக் கடத்தாது என்று தம்பி ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அதை நம்பி இறங்காதீர்கள்.

பெட்டிதான் மரம். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, வால்யூம் கண்ட்ரோலின் தண்டு, சாக்கெட் எல்லாம் உலோகம். நம் விரல் படுவது அங்கேதான். உள்ளே 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு 250 வோல்ட் டிசி போகிறது. ஒரு ஒயர் கழன்று உரசினால் போதும். அதனால் மூன்று முள் பிளக்கின் எர்த் ஒயரை வெளியே தெரியும் உலோகம் அனைத்தோடும் சேர்த்தே ஆக வேண்டும். ஐப்பசி அடைமழையில் எங்கள் கும்பகோணம் பக்கம் மரக்கதவே ஊதிக்கொண்டு சாத்த வராது. ஈரம் குடித்த மரத்தை நம்பியா 250 வோல்ட்டைத் தொடுவது?

ஆஃப் செய்த பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். அந்தச் சார்ஜ் வடிய அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் போடுங்கள்; வோல்ட் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா நாதம் தருவது உண்மை, அங்கே மரமே அதிர்கிறது. பிரீஆம்ப்பில் மரம், கரண்ட் லைனிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைக்கூடத் தடுக்காது. உட்புறம் அலுமினியத் தகடு ஒட்டி, அதையும் எர்த்தில் சேர்த்தால் இரைச்சல் நன்றாகக் குறையும்.